ஒன்ராறியோ காட்டுச் சுற்றுப் பாதை: எந்தப் பருவத்தில் எப்படிப் போவது?

மார்ச் 16 | கேள்வி

உக்ஸ்பிரிட்ஜ் பக்கம் டர்ஹம் ரீஜனல் காட்டில் 10 கி.மீ. அளவான சுற்று ஒன்று போக யோசிக்கிறேன். நடக்கிற ஆக்கள், மலைச் சைக்கிள், குதிரை, ஸ்கீ எல்லாவற்றுக்கும் ஒரே பாதை என்று போட்டிருக்கிறது. மணல் நிலம் என்றபடியால் வருடம் முழுக்கக் காய்ந்துதான் இருக்கும், எந்த நாளும் போகலாம் என்று ஒருவர் சொல்கிறார். சரியா? இந்த ஞாயிறு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நடக்கலாமா, அல்லது தனியாகச் சைக்கிளில் போவது நல்லதா?

மார்ச் 16, இரவு

பாதிதான் சரி. அந்தக் காடு நிற்பது ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் மேட்டில். மேற்கே நயாகரா எஸ்கார்ப்மென்ற் என்ற நீண்ட பாறைச் சரிவு தொடங்கி கிழக்கே ட்ரென்ற் ஆறு வரை ஏறக்குறைய 160 கி.மீ. நீளமான மேடு அது. பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலும் சரளையும்தான் முழுக்க. மழைத்தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஜூலையில் இடிமழை கொட்டினாலும் மறுநாள் பாதை காய்ந்திருக்கும். உங்களுக்குச் சொன்னவர் கோடைகாலத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

மார்ச்சில் நிலம் வேறு விதமாக நடக்கும். குளிர்காலம் முழுக்க ஆழமாக உறைந்த மண், பகல் வெயிலுக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. வரை மட்டும் இளகும். அதன் கீழே இன்னும் உறைந்த தட்டு. உருகிய பனி, மழை எதுவும் இறங்க வழியில்லை. மேல்மண் கூழாகிவிடும். மணல் என்றாலும் இதே கதைதான். மேப்பிள் காட்டுக்குள் இலைமக்கு தடித்த இடங்களில் இன்னும் மோசம்.

அதனால் மார்ச், ஏப்ரலில் நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், முதல் நாள் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். இரவில் மைனஸ் 4, மைனஸ் 5 வரை இறங்கியிருந்தால் விடியற்காலைப் பாதை கொங்கிரீட் மாதிரி இறுகியிருக்கும். ஏழு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்குள் காருக்குத் திரும்ப வேண்டும். இரவு முழுக்க பூச்சியத்துக்கு மேலே நின்றிருந்தால் சைக்கிளைக் காரில் ஏற்றவே வேண்டாம்.

வந்து இறங்கியபின் சோதனை சுலபம். பாதையின் நடுவில் குதிக்காலை ஊன்றிப் பாருங்கள். தடம் 1 செ.மீ.க்குக் குறைவு என்றால் போகலாம். 2 செ.மீ. தாண்டினால் சைக்கிளுக்கும் குதிரைக்கும் அன்று பாதை இல்லை. நடப்பவர்கள் போகலாம், ஆனால் சேற்றின் நடுவாலேதான் போக வேண்டும். ஓரமாகச் சுற்றிப் போகிற ஒவ்வொருவரும் பாதையை ஒரு சாண் அகலமாக்குகிறார்கள். 60 செ.மீ. ஒற்றையடிப் பாதை மூன்று வசந்தத்தில் இரண்டு மீற்றர் சேற்றுக்குளம் ஆவது இப்படித்தான்.

மார்ச் 17

அம்மா அப்பா பற்றி எழுத விடுபட்டது. சேற்றை விட அவர்களுக்கு ஆபத்து ஐஸ். வெயில் படும் தெற்குச் சரிவில் இலைகள் காய்ந்து கிடக்கும். வளைவு திரும்பி வடக்குச் சரிவுக்குள் இறங்கினால், குளிர்காலம் முழுக்க ஆக்கள் மிதித்து இறுக்கிய பனி ஐஸ் தட்டாக அப்படியே இருக்கும். ஹெம்லொக் மர நிழலில் ஏப்ரல் நடு வரைகூடக் கிடக்கும்.

சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுகிற, சங்கிலியில் முக்கோணப் பற்கள் உள்ள மைக்ரோஸ்பைக் வாங்குங்கள். சுருள் கம்பி மட்டும் உள்ளவை நடைபாதைக்குச் சரி, காட்டுச் சரிவில் உருண்டுவிடும். ரப்பர் வளையத்தைக் குளிரில் இழுக்கக் கை விறைக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆகவே காருக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, ஐஸ் இல்லாத துண்டுகளிலும் கழற்றாமல் நடக்கட்டும். கைத்தடி ஒன்றுக்கு இரண்டு நல்லது.

10 கி.மீ. வேண்டாம். அந்த மேடு உயரமில்லை, ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், முழங்காலுக்கு வேலை. பெற்றோருடன் மணிக்கு 3 கி.மீ. என்று கணக்கு வையுங்கள், ஐஸ் உள்ள நாளில் 2. சந்திகளில் குறுக்கே வெட்டித் திரும்பக்கூடிய 4 கி.மீ. சுற்றாகத் தெரிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 2

"சேற்றில் ரயர் அடையாளம் விழுந்தால் என்ன, மழையில் அழிந்துவிடுமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அழியாது. ரயர் தடம் சரிவு வழியே நீளமாக ஓடுகிற வாய்க்கால். அடுத்த மழை அதற்குள் இறங்கி மணலை அரித்துக்கொண்டு ஓடும். மே மாதம் தடம் காய்ந்து இறுகியபின் பார்த்தால், அது 8 செ.மீ. ஆழப் பள்ளம். குதிரைக் குளம்பு இன்னொரு விதம்: 500 கிலோ எடை நான்கு சிறிய இடங்களில் இறங்குகிறது. தண்ணீர் தங்கும் குழிகள் விழும், காய்ந்தபின் அதிலே நடப்பவருக்குக் கணுக்கால் பிரளும்.

இந்த மண்ணுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. இப்போது காடாகத் தெரிகிற இடத்தில் 1900 அளவில் வெறும் மணல் பறந்துகொண்டிருந்தது. குடியேறியவர்கள் மரத்தை வெட்டி விவசாயம் செய்தார்கள். மேல்மண் மெல்லியது, சில பத்தாண்டுகளில் காற்றில் போய்விட்டது. எட்மண்ட் ஸாவிட்ஸ் என்ற வனவியலாளர் தெற்கு ஒன்ராறியோவின் பாழ்நிலங்களில் மீண்டும் மரம் நடுவது பற்றி 1908இல் அறிக்கை எழுதினார். அதே வருடம் சென்ற் வில்லியம்ஸில் மாகாண நாற்றுப்பண்ணை தொடங்கியது. பக்கத்து யோர்க் ரீஜனல் காடு 1924இல் ஆரம்பமானது. நேர்வரிசையில் நிற்கிற சிவப்புப் பைன் மரங்கள் எல்லாம் அந்த நடவின் தொடர்ச்சி. மணலைப் பிடித்து நிறுத்தத்தான் பைன் நட்டார்கள். இடையிடையே வெட்டி வெளிச்சம் விட்டதில் கீழே மேப்பிள், ஓக், செரி தானாக வந்து இப்போது கலப்புக் காடாகிறது. பைன் வரிசைக்குள் மர வெட்டு நடப்பதைப் பார்த்து "காட்டை அழிக்கிறார்கள்" என்று கோபப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டு நடக்கும் பகுதியின் பாதை மூடியிருந்தால் நாடாவுக்குக் கீழே குனிந்து போகாதீர்கள்.

மேலே உள்ள கறுப்பு மண் ஒரு கை அகலம்கூட இல்லாத இடங்கள் நிறைய. அதன் கீழே அன்றைய அதே மணல்.

ஏப்ரல் 21

உண்ணி. கோடைகாலத்தில்தான் வரும் என்று நினைத்து ஏப்ரலில் கட்டைக் காற்சட்டையோடு போகிறார்கள். கருங்கால் உண்ணி வெப்பநிலை 4 பாகை தாண்டினாலே நடமாடும். பெரிய உண்ணிகள் ஏப்ரல், மே. திரும்பவும் ஒக்டோபர், நவம்பர். இடையில் மே கடைசி முதல் ஜூலை வரை இளம் உண்ணிகள். அவை கசகசா அளவுதான், கண்ணுக்குத் தப்பும். உண்ணிக்கடியால் வரும் லைம் என்ற பக்டீரியா நோயைப் பெரும்பாலும் பரப்புவது இவைதான்.

பாதையின் நடுவில் உண்ணி இல்லை. ஓரப் புல்லிலும் இலைக்குப்பையிலும் முன்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், பறக்காது, குதிக்காது. நீண்ட காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர்நிற உடுப்பு என்றால் ஊர்வது தெரியும். 20 சதவீத இகாரிடின் அல்லது டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்தைச் சப்பாத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் தெளிக்கலாம். கனடாவில் பெரியவர்களுக்கு விற்கும் டீட் 30 சதவீதம் வரை. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 10க்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தவுடன் உடுப்பைத் தோய்க்க முதல், காய்ந்த நிலையிலேயே உலர்த்தும் இயந்திரத்தில் அதிக சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். சூடில்லாத தண்ணீரில் தோய்த்தால் உண்ணி சாகாது, உலர் சூட்டில் சாகும். பிறகு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமயிருக்குள் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தலையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது.

கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலுக்கு ஒட்டித் தலையைப் பிடித்து நேரே மேலே இழுங்கள். முறுக்க வேண்டாம். எண்ணெய், நெருப்புக்குச்சி, வாசலின் எதுவும் வேண்டாம், அதை உறுத்தினால் வாயில் இருப்பதை உள்ளே கக்கும். உண்ணியைச் சிறு போத்தலில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 23

மேலே உள்ளதற்குத் தொடர்ச்சி. "24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஒன்றுமில்லையாமே, மறந்துவிடலாமா?" என்று கேள்வி. நோய் தொற்றப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் எப்போது ஒட்டியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நேற்று நாயோடு நடந்ததில் ஒட்டியிருந்தால்? வயிறு ஊதிய உண்ணி என்றால் நேரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் மருந்தகத்திலேயே உண்ணிக்கடிக்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக 200 மி.கி. டொக்ஸிசைக்கிளின், ஒரே தடவை. உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆகவே குடும்ப மருத்துவரின் திகதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே மருந்தகத்துக்குப் போங்கள். பிறகு 30 நாள் வரை கடித்த இடத்தைக் கவனியுங்கள். லைம் நோய் தொற்றினால் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவலாம், ஆனால் எங்கள் மாநிறத் தோலில் அது படத்தில் காட்டுகிற மாதிரி சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, காயம் கண்டிய மாதிரி, அல்லது கருமையாகப் பரவும். காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தால் அந்த வட்டம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போய் உண்ணி என்ற சொல்லை நீங்களாகவே சொல்லுங்கள்.

மே 6

ட்ரில்லியம் பூத்துவிட்டது. 1937 முதல் மாகாணத்தின் பூ. மேப்பிள் இலை விரிந்து கூரை மூடுவதற்குள் கிடைக்கிற மூன்று, நான்கு கிழமை வெயிலில் அது வருடத்துக்கான சாப்பாட்டைச் செய்து முடிக்க வேண்டும். விதையிலிருந்து முதல் பூ வர ஏழு வருடத்துக்கு மேல். விதையைக் காவுவது எறும்பு, அதனால் ஒரு கூட்டம் அழிந்தால் பக்கத்திலிருந்து வேகமாகப் பரவி வராது. பூவைப் பிடுங்கும்போது தண்டோடு மூன்று இலையும் வந்துவிடும், அந்த வருடச் சாப்பாடு போய்விட்டது, கிழங்கு பட்டினி. பிள்ளைகளை நடுவில் இருத்திப் படம் எடுப்பதும் அதே சேதம்தான். பாதையில் இருத்தி, பின்னால் பூ தெரிய எடுங்கள்.

மார்ச் குறிப்பில் சேற்றுக்கு ஓரம் போகாதீர்கள் என்று எழுதினேனே, அதற்கு இன்னுமொரு காரணம் இது. அந்த ஓரத்தில் மண்ணுக்குக் கீழே முளை விட்டுக்கொண்டிருந்தது இதுதான்.

மே 24

காற்று. 2022 மே 21, நீள்வார இறுதிச் சனிக்கிழமை, தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்கறுத்துப் போன டெரேச்சோ புயலில் உக்ஸ்பிரிட்ஜில் ஈஎஃப்2 அளவு (0 முதல் 5 வரை போகும் அளவுகோலில் 2) சுழல்காற்றும் வந்தது. நேராக வளர்ந்த பைன்கள் முறிந்தன. எச்சரிக்கை அலைபேசிக்கு வரும்போது காட்டின் நடுவில் இருப்பவருக்கு ஓட இடமில்லை. எனவே இடிமின்னல் வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல் சொன்ன பின்னேரத்தில் சுற்றைத் தொடங்க வேண்டாம், காலையிலேயே முடியுங்கள்.

புயல் இல்லாத நாளிலும் ஆஷ் மரங்களைக் கவனியுங்கள். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் மரகதத் துளைவண்டு வந்தபின் ஆஷ் அநேகமாகச் செத்து நிற்கிறது. பட்டை உரிந்து மஞ்சள் வெள்ளையாகத் தெரியும். செத்த ஆஷ் சீக்கிரம் நொறுங்கும், கொப்பு காற்றில்லாமலே விழும். காற்று மணிக்கு 50 கி.மீ. தாண்டும் நாளில் அந்தத் துண்டில் நின்று தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம். விழுந்த மரம் குறுக்கே கிடந்தால் சுற்றிப் புதுப் பாதை போடாதீர்கள். ஏறிக் கடக்கலாம், முடியாவிட்டால் திரும்பலாம், சந்திக் கம்பத்தின் இலக்கத்தோடு காட்டு நிர்வாகத்துக்கு அறிவிக்கலாம்.

ஜூன் 14

குதிரை பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், எழுதாமல் விட்டிருந்தேன்.

வழிவிடும் ஒழுங்கு: சைக்கிள் எல்லாருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு. எதிரே குதிரை வந்தால் சைக்கிளை நிறுத்தி இறங்குங்கள். பாதையின் தாழ்ந்த பக்கம் ஒதுங்குங்கள். மேட்டில் நிற்கிற உருவத்தைக் குதிரை பாயவரும் மிருகமாக எடுத்துக்கொள்ளும். மரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்காதீர்கள், மரியாதை என்று நினைத்து அசையாமல் மௌனமாகவும் நிற்காதீர்கள். கதைக்க வேண்டும். தலைக்கவசமும் கண்ணாடியும் முதுகுப்பையும் போட்ட உருவம் மனிதர் என்று குதிரைக்குத் தெரிவது குரலில்தான். "ஹலோ" என்றாலும் சரி, தமிழில் என்றாலும் சரி, சாதாரணக் குரல் போதும்.

பின்னாலிருந்து வருவதுதான் மோசம். 30 மீற்றர் தூரத்திலேயே குரல் கொடுத்து, ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து "வாருங்கள்" என்ற பிறகே மெதுவாகக் கடக்க வேண்டும். மணி அடித்தால் சில குதிரைகள் மிரளும். குடையை விரிப்பது, மழைக்கோட்டைப் படபடவென்று உதறுவது, பிள்ளை குதிரைக்குப் பின்னால் ஓடுவது மூன்றும் வேண்டாம்.

நடப்பவர்களுக்கு ஒன்று: வார இறுதியில் சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே திசையில் சுற்றும். நீங்கள் எதிர்த்திசையில் நடந்தால் இருவரும் ஒருவரையொருவர் முகத்துக்கு முகம் காண்பீர்கள். இரண்டு காதிலும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரே திசையில் நடப்பவரைத்தான் சைக்கிள்காரர் பயப்படுத்துகிறார்.

ஜூலை 3

மான் ஈ. நுளம்பு மருந்துக்கு அது பெரிதாக அசையாது. அசைகிற, கடும் நிறமான, உயரமான பொருளைத்தான் துரத்தும், அதாவது உங்கள் தலை. வெளிர்நிறத் தொப்பி போடுங்கள், உயரமானவரை முன்னால் விடுங்கள். சைக்கிளில் மணிக்கு 15 கி.மீ.க்கு மேலே போனால் பின்தங்கும், ஏற்றத்தில் பிடித்துவிடும். ஓகஸ்ட் நடுவில் தானாகக் குறையும்.

ஜூலை 19

இப்போது எதிர்ப்பிரச்சினை. மழையில்லாமல் மூன்று கிழமை போனால் மணல் இளகிப் பொடியாகிவிடும், முக்கியமாகக் குதிரைகள் அதிகம் போகும் அகலப் பாதைகளிலும் தெற்குச் சரிவுகளிலும். முன்சில்லு மணலுக்குள் புதைந்து திரும்பும், ஆள் கைப்பிடிக்கு மேலால் போவார்.

ரயர் காற்றை இறக்குங்கள். 2.3 அங்குல ரயர், ரியூப் இல்லாதது, 70 கிலோ ஆள் என்றால் முன்னுக்கு 21, பின்னுக்கு 24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). ரியூப் உள்ளது என்றால் 27, 29. இதற்குக் கீழே போனால் வேரில் அடிபட்டு ரியூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். மணலைக் கண்டதும் முன்பிறேக்கைத் தொடாதீர்கள். மணலுக்கு முன்பே ஒரு கியர் இலகுவாக்கி, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, மிதித்துக்கொண்டே போக வேண்டும். கைப்பிடி கொஞ்சம் ஆடும், ஆடவிடுங்கள்.

சங்கிலிக்கு ஈர எண்ணெய் போட்டால் மணலெல்லாம் ஒட்டி அரைக்கும். கோடைகாலத்துக்கு மெழுகு அல்லது உலர் எண்ணெய்தான்.

ஜூலை 20

95 கிலோ உள்ளவர் மேலே எழுதிய அளவை வைத்து விளிம்பில் அடிபட்டதாக எழுதியிருக்கிறார். அது 70 கிலோவுக்கான அளவு. ஒவ்வொரு 5 கிலோவுக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள், உங்களுக்கு 26, 29. முதுகுப்பை, தண்ணீரையும் எடையில் சேருங்கள். கைபம்பில் உள்ள மானி 3, 4 பிஎஸ்ஐ பிழை காட்டும், தனி மானி வாங்குவது நல்லது.

ஓகஸ்ட் 11

பொய்சன் ஐவி, எண்ணெய் தோலில் பட்டால் அரித்துக் கொப்புளிக்க வைக்கும் செடி: மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு. இலையுதிர்காலத்தில் அழகான சிவப்பாகும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். இலையில்லாத குளிர்காலத் தண்டிலும் அதே எண்ணெய் இருக்கும். தொட்டால் 10 நிமிடத்துக்குள் பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும், சப்பாத்துக் கயிற்றையும் சேர்த்து. நாயின் உடம்பிலிருந்தும் உங்களுக்கு வரும்.

தண்ணீர்: காட்டுக்குள் குழாய் எதிர்பார்க்க வேண்டாம். வெயில் நாளில் ஆளுக்கு மணிக்கு அரை லீற்றர்.

ஒக்டோபர் 5

மேப்பிள் நிறம் இந்தப் பக்கம் அநேகமாக ஒக்டோபர் முதல் இரண்டு கிழமைதான். நன்றி கூறும் நாள் நீள்வார இறுதியில் தரிப்பிடம் பத்து மணிக்கே நிரம்பும், வீதியோரம் விட்டால் தண்டம். செவ்வாய், புதன் காலை போக முடிந்தால் போங்கள். நிறம் முடிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மேப்பிள் கொட்டியபின் ஓக் செம்பு நிறத்தில் நிற்கும், ஒக்டோபர் கடைசியில் லார்ச் ஊசிகள் பொன்னிறமாகி உதிரும். ஆக்களும் குறைவு.

விழுந்த இலை வேரையும் கல்லையும் மறைக்கும். ஈர இலைக்குக் கீழே ஈர வேர், அது குறுக்கே சாய்ந்து கிடந்தால் எந்த ரயரும் நிற்காது. வேரை 90 பாகையில் கடக்க வேண்டும். நடப்பவர்கள் இறக்கத்தில் அடியைச் சின்னதாக்கிப் பாதம் முழுவதையும் ஊன்றுங்கள், குதியை முதலில் வைத்தால் சறுக்கும்.

இலை மூடினால் பாதையே தெரியாமல் போகும். பைன் வரிசைக்குள் எந்தப் பக்கம் பார்த்தாலும் பாதை மாதிரித்தான் தெரியும். தரிப்பிடத்தில் உள்ள வரைபடத்தைப் படம் பிடித்து வையுங்கள், ஒவ்வொரு சந்தியிலும் கம்பத்தின் இலக்கத்தைப் பாருங்கள். இரண்டு சந்திக்கு இடையில் 20 நிமிடத்துக்கு மேல் கம்பம் வரவில்லை என்றால் வந்த வழி திரும்புங்கள்.

நவம்பர் 4

நேரம் மாற்றியபின் சூரியன் ஐந்து மணிக்கே மறைகிறது. டிசம்பர் 21 அளவில் ஏறக்குறைய 4:40. பைன் காட்டுக்குள் அதற்கு அரை மணி நேரம் முன்பே இருட்டு. தலைவிளக்கு பையிலேயே இருக்கட்டும். புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்: மறையும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, நடக்க எடுக்கும் நேரத்தையும் கழித்தால் வருவதுதான் கடைசி நேரம்.

சுற்றியுள்ள நிலங்களில் மான் வேட்டை நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வரும். செம்மஞ்சள் மேலங்கி ஆளுக்கும் நாய்க்கும். கபிலம், சாம்பல், வெள்ளைத் தொப்பி வேண்டாம், மானின் வால் வெள்ளை.

டிசம்பர் 19

முதல் பெரிய பனி. ஒரே பாதையில் நால்வகை ஆக்களும் சண்டை பிடிக்கிற மாதம் இதுதான், ஒருவர் கெடுப்பது மற்றவருக்கு உடனே தெரிகிறபடியால்.

ஸ்கீக்காரர் ஒருவர் பின் ஒருவராகப் போய் இரண்டு இணைக் கோடு விழுத்தியிருப்பார்கள். அதில் நடக்க வேண்டாம், ஓரமாக நடங்கள், நாயும் அப்படியே. ஆழப் பனியில் வெறும் சப்பாத்தோடு நடந்தால் கால் புதைந்த குழி விழும். இரவில் உறைந்தால் அது கிழமைக்கணக்கில் கிடக்கும். 15 செ.மீ.க்கு மேல் புதுப்பனி என்றால் சப்பாத்துக்குக் கீழே மாட்டும், பனியில் புதையாத அகலத் தட்டான ஸ்நோஷூ போடுங்கள். ஸ்நோஷூக்காரர் நான்கைந்து பேர் போன பாதை ஒரு இரவு உறைந்தபின் எல்லாருக்கும் நல்ல பாதையாகிவிடும்.

தடித்த ரயர் சைக்கிளுக்கு: ரயர் 3.8 அங்குலமாவது வேண்டும், காற்று 4 முதல் 8 பிஎஸ்ஐ. இங்கே அரை பிஎஸ்ஐகூடத் தெரியும். பின்னால் திரும்பிப் பாருங்கள். தடம் 2.5 செ.மீ. ஆழத்துக்கு மேல் என்றால் காற்றை இன்னும் இறக்குங்கள், அதற்கும் சரிவராவிட்டால் திரும்புங்கள். இறங்கித் தள்ள வேண்டிய நாள் ஓட்டுகிற நாள் இல்லை. மைனஸ் 3 முதல் மைனஸ் 12 நல்லது.

ஜனவரி 15

மைனஸ் 15 காலைக்குச் சில விஷயம். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேலேதான் பிடிக்கும், மூடிப்பக்கம் திறந்திருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப்பை என்றால் குடித்தவுடன் காற்றை ஊதித் தண்ணீரைப் பைக்குள் திருப்புங்கள். அலைபேசி உள்சட்டைப் பைக்குள், வெளியே இருந்தால் 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணையும்.

உடுப்பில் பிழை பருத்தி. ஏற்றத்தில் வேர்த்து நனைந்தால் நின்ற இடத்தில் குளிர் பிடிக்கும். தோலோடு ஒட்டுவது கம்பளி அல்லது செயற்கை இழை. தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், தொடக்கத்திலேயே சுகமாக இருந்தால் ஒரு கி.மீ.யில் வேர்க்கும். சப்பாத்துக்குள் இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். ஒரு தடித்த காலுறை, விரல் ஆட இடமுள்ள சப்பாத்து.

சைக்கிளில் பின்சில்லு மையத்தின் கிறீஸ் மைனஸ் 20இல் இறுகி, மிதிக்கும்போது பற்கள் பிடிக்காமல் மிதி வெறுமையாகச் சுற்றும். அந்த நாளில் தூரம் போகாதீர்கள், அல்லது மையத்தைக் கழற்றி மெல்லிய கிறீஸ் போட்டு வையுங்கள்.

பெப்ரவரி 9

உறைமழைக்குப் பிறகு போகலாமா என்று கேட்டவருக்கு: இரண்டு நாள் விடுங்கள். கொப்புகளில் ஐஸ் சுமை இருக்கும்வரை கீழே நடப்பதுதான் ஆபத்து, தரையில் வழுக்குவது இரண்டாவது. வெயில் வந்து ஐஸ் கொட்டும் முதல் பின்னேரம் எல்லாவற்றிலும் மோசம். பிறகு மைக்ரோஸ்பைக்கோடு நடக்கலாம். சைக்கிளுக்கு ஆணி ரயர் இல்லாமல் வேண்டாம்.

பெப்ரவரி 10

அவசரத்துக்கு 911 கூப்பிட்டால் "காட்டுக்குள்" என்று சொன்னால் போதாது. காட்டுப் பகுதியின் பெயர், நீங்கள் நுழைந்த கொன்செஷன் வீதியின் (இலக்கமிட்ட நாட்டுப்புற வீதி) இலக்கம், கடைசியாகக் கடந்த கம்பத்தின் இலக்கம், இந்த மூன்றும். வீட்டில் இருப்பவருக்கும் புறப்பட முதலே இதையும் திரும்பும் நேரத்தையும் அனுப்பி வையுங்கள். பள்ளங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும், மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். அடிபட்டவரை விட்டுப் போக வேண்டியிருந்தால் அவருக்குக் கீழே ஏதாவது விரித்துவிட்டுப் போங்கள், பனித்தரை காற்றை விட வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதற்காகவே ஒரு துண்டு நுரைப்பாய் பையின் முதுகுப்பக்கம் இருக்கட்டும். மற்ற நாளில் மரக்குற்றியில் போட்டு அம்மா இருக்கலாம்.